மலைப்பாதையில் அடங்கும் மனம்

ஜவ்வாது மலையில் ஒரு பகல் முழுக்க பைக் ஓட்டிவிட்டு இறங்கும் ஆரணிப் பையன்களிடம் "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டால், அருவியையோ குளிரையோ பற்றி முதலில் சொல்ல மாட்டார்கள். "மண்டைக்குள்ள ஒண்ணுமே ஓடலண்ணா" என்பார்கள். வண்டித் தவணை, வீட்டுச் சண்டை, சனிக்கிழமைக்குள் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டிய புடவை எல்லாம் அந்தச் சில மணி நேரம் எங்கேயோ போயிருந்தன. இதை விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. மனம் அடங்குவதற்காக வீட்டையும் ஊரையும் விட்டுப் போனவர்கள் வாழ்ந்த திருவண்ணாமலை மாவட்டம் இது. அவர்கள் தேடியது இரண்டு சக்கர வண்டியின் மேலும் கிடைக்குமா? கிடைப்பது அதுதானா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைச்சாலை தார்ச்சாலைதான். இந்த நண்பர் கூட்டங்கள் தேடிப் போவது அதிலிருந்து மலைக் கிராமங்களுக்குப் பிரியும் மண்பாதைகளை. மழை அறுத்த வாய்க்கால், காலுக்கடியில் உருளும் கல், திடீரென்று குறுக்கே ஓடும் ஓடை. 2016-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ம் வந்த பிறகு, இப்படிப்பட்ட பாதைக்கென்றே செய்த வண்டி சிறு ஊர் இளைஞர்களின் கைக்கும் எட்டியது. கரடான இடத்தில் யாரும் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கை அணைத்து, முதல் கியரில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஏற்றுகிறார்கள். புதிதாகச் சேர்பவனுக்குச் சொல்லப்படும் முதல் பாடம், கல்லைப் பார்க்காதே என்பது. கல்லைப் பார்த்தால் வண்டி கல்லுக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தில் கண் இருக்க வேண்டும்.

இந்த நிலையை உளவியலும் ஆராய்ந்திருக்கிறது. மிகாய் சிக்சென்ட்மிகாய் என்ற ஹங்கேரிய வம்சாவளி அறிஞர் பாறை ஏறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவை சிகிச்சை நிபுணர்கள், நடனக்காரர்கள் என்று பலரைப் பேட்டி கண்டு 1975-ல் ஒரு நூல் எழுதினார். செய்கிற வேலையின் கடினமும் செய்பவரின் திறமையும் சரிக்குச் சரி நிற்கும்போது, 'நான்' என்ற நினைப்பு பின்னால் போய்விடுகிறது, நேரம் தெரிவதில்லை என்று அவர்கள் சொன்னதை அவர் பதிவு செய்தார். ஆரணிப் பையன்கள் சொல்வதும் இதையேதான்.

ஆனால் நெசவு ஊரான ஆரணிக்கு இன்னொரு வகைக் கவனமும் தெரியும். குழித்தறியில் உட்காருபவரின் கால்கள் பள்ளத்துக்குள் இருக்கின்றன. மிதியை மாற்றி மிதிக்கப் பாவு திறக்கிறது. கயிற்றை இழுக்க நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடுகிறது. பலகை வந்து ஊடையை நெருக்குகிறது. ஓர் இழை அறுந்தால் கண்ணுக்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தக் கவனத்தை எந்தப் பயமும் பிடித்து நிறுத்தவில்லை. வருடக்கணக்கில் கை பழகிப் பழகி வந்தது அது. அதனால் கை தறியில் இருக்கும்போதே மனத்துக்கு இடம் மிச்சம் இருக்கிறது. அறுபத்து மூவரில் ஒருவரான நேச நாயனார் நெசவாளர். காம்பீலி நகரத்துச் சாலியர். சிந்தை சிவனடியில், நாவு ஐந்தெழுத்தில், கை தறியில் என்று அவரைப் பெரியபுராணம் காட்டுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

மலைப்பாதையில் ஓட்டுபவனால் அப்படி முடியாது. நாவில் ஐந்தெழுத்தை வைத்துக்கொண்டு பள்ளத்தைத் தவறவிட்டால் அடுத்த நொடி தரையில்தான். அங்கே கவனத்தை அவன் கொடுப்பதில்லை, ஆபத்து பிடுங்கிக்கொள்கிறது. அதன் விலையும் கற்பனை அல்ல. கரட்டுப்பாதைப் பந்தயமான டக்காரை முடித்த முதல் இந்தியர் பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ். 2015-ல் 36-வது இடத்தில் முடித்தார். 2021 ஜனவரியில் அதே பந்தயத்தில், சவுதி அரேபியப் பாலைவனத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அப்படியானால் பயம் தரும் அமைதி போலி, பழக்கம் தரும் அமைதி மெய் என்று முடித்துவிடலாமா? இதே மாவட்டத்தின் பர்வதமலை அதற்கு இடம் கொடுக்காது. தென்மாதிமங்கலம் வழியாகவோ கடலாடி வழியாகவோ பௌர்ணமி நாட்களில் அந்த மலையில் ஏறுகிறவர்கள், உச்சியில் இருக்கும் மல்லிகார்ஜுனரையும் பிரமராம்பிகையையும் காண, பாறையில் அடித்து இறக்கிய கடப்பாறைகளைப் பிடித்துத்தான் போக வேண்டும். பக்கத்தில் பள்ளத்தாக்கு. அந்த இடத்தில் பாட்டிகளும் புது மாப்பிள்ளைகளும் வேறு எதையும் நினைப்பதில்லை. அங்கேயும் மனத்தைக் குவிப்பதில் பயத்துக்குப் பங்கு உண்டு. அதற்காக அவர்களுடைய பக்தியை யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை, மதிப்பிடவும் கூடாது. ஆகவே மனம் எதனால் அடங்கியது என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வேறு எதைக் கேட்பது என்பதற்கு அருணாசலத்தில் விடை இருக்கிறது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், விரூபாட்சக் குகையிலும் கந்தாசிரமத்திலுமாக 1922 வரை மலைமேல் இருந்தவர். அடியார் முருகனார் வேண்டிக்கொள்ள 1927-ல் அவர் இயற்றிய 'உபதேச உந்தியார்' முப்பது பாக்கள் கொண்ட சிறு நூல். மூச்சை அடக்கினால் மனம் ஒடுங்கும் என்பதை அதில் அவர் ஒப்புக்கொள்கிறார். கரட்டு ஏற்றத்தில் தானாக மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பைக்காரனுக்கும் இது பொருந்தும். ஆனால் உடனேயே ஒடுக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று இலயம், இன்னொன்று நாசம். இலயித்த மனம் திரும்ப எழும். நாசமான மனம் எழாது.

இதை விளக்க அவர் அடியார்களிடம் ஒரு யோகியின் கதையைச் சொல்வார். கங்கைக் கரையில் தவம் செய்த அந்த யோகி, தாகம் எடுத்து, சீடனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். அவன் வருவதற்குள் ஆழ்ந்த நிலையில் மூழ்கிப் போனார். பல நூறு ஆண்டுகள் கடந்தன. ஆட்சிகள் மாறின, கங்கையே தடம் மாறியது. கண் திறந்தவர் முதலில் கேட்டது, "தண்ணீர் எங்கே?" அத்தனை காலமும் அந்தத் தாகம் அவருக்குள் அப்படியே காத்திருந்தது.

ஜவ்வாது மலைக்குப் போகும் கூட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை. எஞ்சினை அணைத்ததும் முதலில் எழுவது எது? பெரும்பாலும் எழுவது, "அந்த ஏத்தத்துல நான் எப்படி ஏத்துனேன் பாத்தியா?" ஓடும்போது காணாமல் போன 'நான்' ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, முன்னைவிடப் பெரிதாகத் திரும்பிவிடுகிறது. அடுத்த ஞாயிறு இன்னும் கடினமான பாதை வேண்டும் என்று அது கேட்கிறது. அமைதி உண்மையாகத்தான் வந்தது. வந்த வேகத்தில் வீணாகவும் போனது. அந்த அமைதியில் தூங்கிவிடாதே, அது யாருக்கு வந்தது என்று பார் என்பதுதான் ரமணரின் வழி. அதற்கு வண்டியை விற்க வேண்டியதில்லை. நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தால் கேட்பதற்கும் நிறைய இருக்கிறது. இதே மலைப்பகுதியை ஆண்ட செங்கண்மா நன்னனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர் கூட்டம் ஒன்றுக்குக் கரட்டு மலைவழியைச் சொல்லிக் கொடுக்கும் பாட்டு. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனக் காவலர்களின் கவண்கல், வழுக்கும் பாறை, பாம்பு இருக்கும் பள்ளம் என்று ஆபத்துகளைச் சொல்லும் அதே பாட்டு, அருவியில் தொடங்கி மலையில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாக அடுக்கவும் செய்கிறது. அதில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்பார்கள். கவனமாக நட என்று சொன்ன புலவர், மலையைக் கேட்காமல் போ என்று சொல்லவில்லை. 200 சிசி எஞ்சின் அத்தனை ஓசைகளையும் மூடிவிடுகிறது.

மூடப்படுவது ஓசை மட்டுமல்ல. அந்த மண்பாதைகள் பந்தயத் தடம் அல்ல. சாமை மூட்டையோடும் விறகுக் கட்டோடும் மலையாளிப் பழங்குடி மக்கள் நடக்கும் வழி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி. பக்கத்துக் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது குற்றமும்கூட. தன் சக்கரத்துக்கு முன்னால் உள்ள இரண்டு அடி மண்ணைத் தவிர வேறெதையும் காணாத ஒருமுகத்தைத் தியானம் என்று சொல்ல மனம் வரவில்லை. எதிரே தலைச்சுமையோடு வரும் ஆயாவைத் தூரத்திலேயே பார்த்து, வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, அவர் கடந்து போகும்வரை நிற்கிறவர்களும் இந்தக் கூட்டங்களில் இருக்கிறார்கள். மலைமேல் மனம் அடங்கியதா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.