விற்றதா, வாடகைக்கு விட்டதா?



ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது.

உங்கள் பிள்ளைகள் ஆன்லைனில் வாங்கும் கேம்களைக் கவனியுங்கள். 'த க்ரூ' என்ற கார் பந்தய கேமை யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. 2023 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுத்தது. இனி விற்பதில்லை என்பது விற்பவரின் உரிமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சர்வரை மூடப்போகும் செய்தியும் அன்றுதான் வந்தது. 2024 மார்ச் 31-க்குப் பிறகு, காசு கொடுத்து வாங்கியவர் தனியாகக்கூட அதை விளையாட முடியவில்லை. வழக்கு வந்தபோது, நீங்கள் வாங்கியது உரிமம் மட்டுமே என்று நிறுவனம் வாதிட்டது.

பிக்ஹில் விற்பனை வேறு, இஜாரா வேறு. விற்றுவிட்டால் பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். வாடகை என்றால் எத்தனை நாளைக்கு என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 'வாங்குக' என்று பொத்தானில் எழுதிவிட்டு, முடியும் நாளைச் சொல்லாத இந்த வியாபாரம் எதில் சேரும்? ஒப்பந்தத்தின் அடியில் எழுதியிருந்தோமே என்பார்கள். ஈரமும் அடியில்தான் இருந்தது.

கலிஃபோர்னியாவில், கொடுப்பது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது!

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? இன்று அஸருக்கு முன் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.