காதுக்குக் கதவு போடலாமா?

கண்ணுக்கு இமை இருக்கிறது. வாய்க்கு உதடு இருக்கிறது. காதுக்கு மட்டும் கதவு கிடையாது. தூங்கும்போதுகூட அது திறந்தே கிடக்கிறது. யார் என்ன சத்தம் போட்டாலும் கேட்டுத்தான் தீர வேண்டும். இந்த நிலையை மாற்றும் கருவி ஒன்று இன்று கடைத்தெருவில் விற்பனையாகிறது. தலைக்கு மேல் வளைந்து இரண்டு காதுகளையும் மூடிக்கொள்ளும், கம்பியில்லாத, வெளி இரைச்சலை நீக்கிவிடும் ஹெட்போனைத்தான் சொல்லுகிறோம். சிங்கப்பூர் எம்.ஆர்.டி.யிலும் பட்டர்வொர்த் ரயிலிலும் வாலிபர்கள் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் வாங்கித் தரும்படி கேட்கிறார்கள்.

விலையோ சாமான்யமானதல்ல. ஆப்பிள் கம்பெனி 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏர்பாட்ஸ் மேக்ஸ் என்ற ஹெட்போனை வெளியிட்டபோது அமெரிக்காவில் அதன் விலை 549 வெள்ளி. சோனியின் டபிள்யூ.எச்.1000 எக்ஸ்.எம்.5 என்பது 2022-இல் 399 அமெரிக்க வெள்ளிக்கு வந்தது. போஸ் கம்பெனியின் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா 2023-இல் 429 அமெரிக்க வெள்ளி. “மூட்டை மூட்டையாய் மிளகாய் விற்றுக் கண்ட லாபத்தைக் காதில் மாட்டிக்கொண்டு திரிவதா?” என்று வர்த்தக அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அது இரண்டாவது கேள்வி. காதை மூடிக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டா, உண்டென்றால் யாரிடமிருந்து என்பதுதான் முதற் கேள்வி என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு விடை தேடுமுன் கருவி செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒலி என்பது காற்றில் எழும் அலை. அலைக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஹெட்போனில் பொருத்தியிருக்கும் சிறு மைக்குகள் வெளியிலிருந்து வரும் அலையைப் பிடிக்கின்றன. உள்ளேயுள்ள சில்லு, அந்த மேட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு மேடுமாக ஓர் எதிர் அலையைக் கண நேரத்தில் உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. பேரேடு எழுதுகிற நமக்கு இது எளிதில் விளங்கும். நூறு வரவு, நூறு பற்று, மிச்சம் ஒன்றுமில்லை. சத்தத்தைச் சத்தத்தாலேயே கழித்துவிடுகிறார்கள்.

இந்த யோசனை நேற்றுப் பிறந்ததல்ல. பால் லூயெக் என்னும் ஜெர்மானியர் 1936-ஆம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். காகிதத்தில் கிடந்ததைக் காதுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமர் போஸ். இவருடைய தகப்பனார் வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர். மகன் எம்.ஐ.டி. என்னும் பெரிய கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே கம்பெனியும் நடத்தினார், 2013-இல் காலமானார். 1978-இல் அவர் ஸூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் வந்தபோது, அங்கே கொடுத்த ஹெட்போனில் இசையை அனுபவிக்க முடியாதபடி எஞ்சின் இரைச்சல் கெடுத்தது. வேறொருவராக இருந்தால் அலுத்துக்கொண்டு தூங்கியிருப்பார். இவர் விமானத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பதினொரு வருஷம் கழித்து, 1989-இல், அவர் கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்மைப் போன்ற பிரயாணிகள் வாங்கத்தக்கதாக அது வந்தது 2000-ஆம் ஆண்டில்.

முதலில் விமானிகளுக்கு என்பதைக் கவனியுங்கள். விமானி எதற்காகக் காதை மூடுகிறார்? கீழேயிருந்து பேசுகிறவரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். எஞ்சினை ஒதுக்கினால்தான் மனிதர் பேசுவது கேட்கும். அப்படியானால் இது முதலில் கடைக்கு வந்தது நன்றாகக் கேட்பதற்காக. யார் பேச்சும் காதில் விழக்கூடாது என்று இதை மாட்டிக்கொள்வது பின்னால் வந்த பழக்கம்.

இன்னொன்றும் உண்டு. எல்லாச் சத்தத்தையும் இக்கருவி ஒரே மாதிரி கழித்துவிடுவதில்லை. விமான எஞ்சின், பஸ் எஞ்சின், ஏர்கோன், நம் கடையில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் குளிர்ப்பெட்டி ஆகியவற்றின் தாழ்ந்த சுருதியில் ஒரே சீராக வரும் இரைச்சலைத்தான் இது நன்றாக நீக்கும். மனிதர் பேச்சும், குழந்தை அழுகையும், தட்டு விழும் சத்தமும் உயர்ந்த சுருதியில், ஒழுங்கில்லாமல், திடீரென்று வருகிறவை. அவற்றைக் காதை மூடும் மெத்தை ஓரளவு மந்தப்படுத்தும். எதிர் அலையால் முழுக்கக் கழிக்க முடிவதில்லை. இதைக் குறையென்று சொல்லி வருஷத்துக்கு வருஷம் கம்பெனிகள் திருத்தப் பார்க்கின்றன. நமக்கு இது குறையாகத் தோன்றவில்லை. குளிர்ப்பெட்டியின் உறுமலுக்கு நம் காதின்மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது. நம்மைக் கூப்பிடுகிற மனிதருக்கு உண்டு. ஹெட்போனை மாட்டி, இசை ஒன்றும் ஓடவிடாமல் இருந்து பாருங்கள். உறுமல் போய்விடும், கூப்பிடும் குரல் சன்னமாகவாவது வந்து சேரும். அதற்குமேல் பாட்டைச் சத்தமாக ஓடவிடும்போதுதான் அந்தக் குரலும் மூழ்கிப்போகிறது. கருவியைக் குற்றஞ்சொல்லுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடைக்குள் வருவோம். மளிகைக் கடைக்காரனுக்கு முதல் போடுவதற்கு முன்பே வேண்டியது காது. மூட்டை சரியும் சத்தம், வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம், பின்கட்டில் பையன்கள் சச்சரவிடும் சத்தம் எல்லாம் கல்லாவில் இருந்தபடியே அவனுக்குத் தெரியவேண்டும். ஒரு மூதாட்டி வருகிறார். “பாய், மல்லி இருக்கா?” என்று மெல்லிய குரலில் கேட்கிறார். அலமாரிப் பக்கம் திரும்பி நிற்கும் பையன் காதில் ஹெட்போன். இரண்டாம் தடவையும் கேட்கிறார். மூன்றாம் தடவை கேட்பதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். சண்டை போடுகிற வாடிக்கைக்காரரைச் சமாதானப்படுத்தலாம். சத்தமில்லாமல் போகிறவரை என்ன செய்வது? நஷ்டம் ஒரு கிலோ மல்லிதான் என்று கணக்கெழுதிவிடலாம். ஆனால் அந்த அம்மாளுக்கு நேர்ந்ததை எந்தப் பேரேட்டில் எழுதுவது? எதிரில் நின்றும் இல்லாதவராக ஆக்கப்பட்டார். முதுமையில் ஏற்கெனவே பலரால் அப்படி ஆக்கப்பட்டவர் அவர்.

நமக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. கடை திறந்திருக்கும் நேரத்தில் ஹெட்போன்கள் அதில் தொங்கும். கிடங்கில் தனியாக உட்கார்ந்து இருப்புக் கணக்கு எடுக்கிறவர் மட்டும் எடுத்துப் போகலாம். அங்கே அவரைக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. முதலாளியின் ஹெட்போனும் அதே ஆணியில்தான்.

வீட்டிலும் இதே நியாயம் செல்லும். உம்மா அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டு, கடைசியில் ஈரக் கையோடு வந்து தோளைத் தொட்டால்தான் மகன் திரும்புகிறான் என்றால், அந்த ஹெட்போனின் விலையில் ஒரு பங்கை உம்மாவும் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் பெரியவர்களாகிய நாம் இங்கே ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நம் காதில் விழும் குரல் எல்லாம் நம்மைக் கூப்பிடுகிற குரல் அல்ல. கடைக்கு மேல்மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். கீழே சாமான் இறக்குகிறவர்கள் போடும் கூச்சல் அவளை விளித்துப் போடுவதல்ல. ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் நடுநிசியில் ஊருக்கு டெலிபோன் பேசுகிறார். இன்னொருவர் விடியுமுன் எழுந்து காய்கறி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அவர் காதை மூடிக்கொண்டால் யாருடைய பாத்தியதையையும் பறிக்கவில்லை. அறைத் தோழருடன் சண்டை போடாமல் தூங்குகிறார், அவ்வளவுதான். வசதியுள்ளவர்கள் நிசப்தத்தை எப்போதோ விலைக்கு வாங்கியாகிவிட்டது. தனியறை, தடித்த கண்ணாடி ஜன்னல், ஓசையில்லாத கார் எல்லாம் வேறென்ன? அவற்றையெல்லாம் சௌகரியம் என்று சொல்லிவிட்டு, தொழிலாளி ஆறு மாதம் சேர்த்து வாங்கும் ஹெட்போனை மட்டும் வீண்செலவு என்பது நியாயமாகாது.

காதின் ஆரோக்கியமும் இதில் அடங்கியிருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள கணக்குப்படி 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சத்தம் 90 டெசிபெல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். சாதாரண ஹெட்போன் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறவர், எஞ்சினை ஜெயிப்பதற்காகப் பாட்டின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். இரைச்சல் கழிந்துவிட்டால் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. நல்ல ஹெட்போனுக்குக் கொடுக்கும் பணத்தில் நமக்கு மனப்பூர்வமாகச் சம்மதமான பாகம் இதுதான். அதை வாங்கியும் சத்தத்தை உச்சத்தில் வைக்கிறவர் குடையும் வாங்கி மழையிலும் நனைகிறவர்.

இனி விலை. 1500 ரிங்கிட் கொடுத்து வாங்கி, தினம் இரண்டு மணி நேரமாக மூன்று வருஷம் உபயோகித்தால் மணிக்கு 70 காசுகூட ஆகவில்லை. தினசரி நெடுந்தூரம் பிரயாணம் செய்கிறவருக்கு இது அதிகமல்ல. பெருநாளைக்கு மாட்டிப் படமெடுத்துக்கொண்டு பெட்டியில் வைக்கிறவருக்கு மணிக்கு நூறு ரிங்கிட் ஆகும்.

வாங்குவதென்று தீர்மானித்தவர்கள் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்டேக் என்றொரு முறை விநாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்புமென்று போட்டிருக்கும். ஐபோன் வைத்திருக்கிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமுமில்லை, ஐபோன் அதை ஏற்பதே கிடையாது. பாட்டரி எத்தனை மணி நேரம் என்பதிலும் ஓரளவுக்குமேல் சாரமில்லை. 2022-இல் வந்த சென்ஹைசர் மொமென்டம் 4-க்கு 60 மணி என்றும், சோனி எக்ஸ்.எம்.5-க்கு 30 என்றும், ஏர்பாட்ஸ் மேக்ஸுக்கு 20 என்றும் கம்பெனிகள் சொல்லுகின்றன. இரவில் போனுக்குச் சார்ஜ் போடுகிற வீட்டில் 20 மணியே தாராளம். எடைதான் முக்கியம். ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். சோனி சுமார் 250. கையில் தூக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. இரண்டு மணி நேரம் தலையில் இருந்தால் கழுத்து சொல்லும். நம் நாட்டு உஷ்ணத்தில் காதைச் சுற்றிய மெத்தை வியர்த்து, செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிந்துவிடும். ஆகையால் மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, தனியாக விற்கிறார்களா என்று முதலிலேயே கேட்க வேண்டும். பாட்டரியை நாமே மாற்றத்தக்கதாகச் செய்கிறவர்கள் குறைவு. ஹாலந்து தேசத்து ஃபேர்ஃபோன் கம்பெனி 2023-இல் அப்படியொன்று கொண்டுவந்தது. மற்றக் கம்பெனிகளுக்கு அந்த மனசு சுலபத்தில் வராது, அவர்களும் நம்மைப்போல வியாபாரிகள்தானே.

எல்லாவற்றுக்கும் மேலாக நாம் பார்க்கச் சொல்லுவது, மூடிய காதை எவ்வளவு சீக்கிரம் திறக்க முடிகிறது என்பதை. சோனியில் வலது கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினால் பாட்டு தணிந்து வெளிச் சத்தம் உள்ளே வரும். ஆப்பிளில் அதற்கென்று ஒரு பொத்தான். போஸிலும் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். எங்கோ போன் திரைக்குள் புகுந்து நாலு இடத்தில் தொட்டால்தான் திறக்கும் என்றால் அதை வாங்க வேண்டாம். அவசரத்தில் ஒருவரும் அப்படித் திறக்கமாட்டார். ரோட்டைக் கடக்கும்போது கையால் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வதற்கு ஈடான வசதி இன்னும் எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே கழுத்தில் போட்டால் தாடையை இடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் பணம் கொடுக்குமுன் மாட்டிக்கொண்டு, வழக்கமாகக் கேட்கிற அளவில் பாட்டை ஓடவிட்டு, கூட வந்தவரைப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். உரக்க வேண்டாம், வீட்டில் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிடட்டும். கேட்கவில்லையென்றால் சத்தத்தைக் குறைத்து இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். விற்கிறவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.