கூரையும் அயலும்

தன் வீட்டு முற்றத்துச் சருகைக் கூட்டுவதும் கூட்டாது விடுவதும் ஒருவனது சொந்த விருப்பம் என்பதே நமது பொதுவான எண்ணம். கூட்டாதவனைச் சோம்பேறி என்போம், குற்றவாளி என்னோம். காட்டை அடுத்துள்ள நகரங்களில் இவ்வெண்ணம் நிலைபெறுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

2018 நவம்பர் 8ஆந் திகதி மூண்ட காட்டுத்தீ, கலிபோர்ணியாவின் பரடைஸ் நகரையும் அயலூர்களையும் அழித்தது. 85 பேர் மாண்டனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. ஆயினும், சாம்பலான வீடுகளின் அருகே பல மரங்கள் பச்சையாகவே நின்றன. சுவாலை அலையாக வந்து நகரை விழுங்கிற்று எனின் இது எங்ஙனம் கூடும்? காற்று அள்ளிவந்த தணற்பொறிகள் பீலியில் அடைந்த சருகிலும், கூரையடிக் காற்றுத் துளைகளிலும், சுவரோரத்து விறகிலும் வீழ்ந்து பற்றின. பின்னர் வீடே வீட்டுக்குக் கொள்ளியாயிற்று. அமெரிக்க வனச் சேவையின் ஆராய்ச்சியாளராயிருந்த ஜாக் கோஹன் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்ததும் இதுவே: வீட்டின் விதியைப் பெரிதும் தீர்மானிப்பன, வீடும் அதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 30 மீற்றருள் உள்ளனவுமேயன்றித் தொலைவிலுள்ள காடன்று.

இவ்வளவில் இது தற்காப்புப் பற்றிய அறிவுரை மட்டுமே. ஆனால் பரடைஸ் அழிவுபற்றி 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, எரிந்த கட்டடம் எவ்வளவு அண்மையில் இருந்தது என்பது ஒரு வீடு தப்புவதைப் பெரிதும் நிர்ணயித்ததெனக் காட்டிற்று. அதாவது என் பீலியை நான் துப்புரவாக்கியும், அயலவரின் பீலியால் நான் வீடிழக்கலாம். இங்கேயே சருகு அறவியலுக்குரிய பொருளாகிறது.

பிறர்க்குத் தீங்கு நேர்வதைத் தடுக்கும்பொருட்டே ஒருவனது சுதந்திரத்தில் சமூகம் தலையிடலாம் என 1859இல் எழுதிய ஜோன் ஸ்டூவர்ட் மில், செய்யாமையாலும் தீங்கு விளைவிக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் செய்யாமைக்காக ஒருவரை வற்புறுத்துவதில் கூடிய நிதானம் வேண்டும் என்றார். இலண்டன் மாநகர் 1212ஆம் ஆண்டுத் தீக்குப் பின்னர் வைக்கோற் கூரைகளை விலக்கியபோது, மில்லுக்கு மிக முன்னரே, கூரை வீட்டுக்காரனுக்கு மட்டும் உரியதன்று என்று தீர்மானித்துவிட்டது. 2020இல் கலிபோர்ணியச் சட்டம், தீயாபத்து மிகுந்த பகுதிகளில் வீட்டைச் சூழ ஐந்து அடி அகலத்துக்குத் தணல் பற்றாத வலயம் வேண்டுமெனப் பணித்ததும் அவ்வழிப்பட்டதே. சுவரோரத்து ரோசாச் செடியைப் பிடுங்கென்று அரசு கூறுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அச்செடியின் அழகு ஒருவருக்கும் ஆபத்து ஒரு தெருவுக்குமாயின், சட்டத்தின் பக்கமே நியாயம் உண்டென்பேன்.

இதற்கு வலிமையான மறுப்பொன்றுண்டு. பரடைஸ் தீயை மூட்டியது எந்தக் குடியானவரின் சருகுமன்று. ஏறத்தாழ நூறாண்டுப் பழைமையான மின்தொடரில் தேய்ந்து முறிந்த ஒரு கொளுக்கி. அதற்குரிய பசிபிக் காஸ் அன்ட் எலெக்ட்ரிக் கம்பனி, 84 பேரின் மரணத்துக்குத் தான் குற்றவாளியென 2020இல் நீதிமன்றில் ஏற்றுக்கொண்டது. கம்பனியைச் சிறையிலிட முடியாது; தண்டப்பணத்தோடு வழக்கு முடிந்தது. பெரியவன் கொளுக்கியை மாற்றாதிருக்க, எளியவனைச் சருகுக்காக ஏன் கடிய வேண்டும்? கம்பனியின் குற்றம் குடியானவரின் கடமையை நீக்கிவிடாது என்பது உண்மையே. ஆனால் கடமை ஆற்றலின் அளவுக்கேற்பவே வகுக்கப்படல் வேண்டும் என்பதை இம்மறுப்பு நினைவூட்டுகிறது.

பரடைஸில் மாண்டோருட் பெரும்பாலார் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். பீலியைத் துப்புரவாக்க ஏணி வேண்டும். ஏணியில் ஏற முழங்கால் வேண்டும். தணல் புகாத நுண்வலைக்கும் தீப்பற்றாத கூரைக்கும் பணம் வேண்டும். அயலவரின் பாதுகாப்புக்காக ஒரு மூதாட்டியிடம் இவற்றைக் கோரும் நகரசபை, முதலில் ஏணியோடு ஓர் ஆளை அவர் வாயிலுக்கு அனுப்பக் கடமைப்பட்டுள்ளது. அனுப்பாது தண்டம் விதிக்குமாயின், வழக்கில் நான் மூதாட்டியின் பக்கமே நிற்பேன்.