ஓர் எழுத்தைத் திருத்தும் உரிமை

உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் ஆசிரமத்திற்கு வந்திருந்தார். பேச்சினிடையே அவர் ஒரு கேள்வி கேட்டார்: ‘சுவாமிஜி, மரபணுவைத் திருத்தும் முறையைக் கற்று வருகிறேன். இறைவனின் படைப்பில் மனிதன் கைவைக்கலாமா என்று என் பாட்டி வருந்துகிறார். துன்பத்தை நீக்கும் அறிவு கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் பாவம் என்கிறார் என் பேராசிரியர். இருவரில் யார் சொல்வது சரி?’

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் விடை தேடுவதற்கு முன், நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அறியாமல் அஞ்சுவதும் தவறு; அறியாமல் வியந்து போற்றுவதும் தவறு.

உடலில் எழுதப்பட்ட நூல்

நம் உடல் பல லட்சம் கோடி செல்களால் ஆனது. பெரும்பாலான வகைச் செல்களில் உட்கரு என்ற பகுதி இருக்கிறது. அதனுள் தாயிடமிருந்து வந்த 23, தந்தையிடமிருந்து வந்த 23 என 46 குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு குரோமோசோமிலும் டி.என்.ஏ. என்னும் மிக மெல்லிய இழை சுருண்டு கிடக்கிறது. ஒரே ஒரு செல்லிலுள்ள இந்த இழைகளை நீட்டி வரிசையாக வைத்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் வரும்.

இந்த இழையின் வடிவத்தை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் விளக்கினார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானியின் எக்ஸ்-கதிர் ஆய்வுகள் அதற்குப் பெரிதும் துணைபுரிந்தன. முறுக்கிவிட்ட நூலேணி போன்றது டி.என்.ஏ. அதன் படிகள் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கு வேதிப்பொருட்களால் ஆனவை. அடினைன் எப்போதும் தைமினோடு இணையும். குவானைன் எப்போதும் சைட்டோசினோடு இணையும். எனவே ஏணியின் ஒரு பாதி தெரிந்தால் மறுபாதியும் தெரிந்துவிடும். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் ஏணியும் நெடுக்கில் பிரிகிறது. ஒவ்வொரு பாதியும் தனக்குரிய இணைப் பாதியைப் புதிதாக அமைத்துக்கொள்கிறது. இப்படித்தான் உயிர் தன்னைத் தானே படியெடுத்துக்கொள்கிறது.

அந்த நான்கு வேதிப்பொருட்களையும் நான்கு எழுத்துகள் எனக் கொள்வோம். தாய், தந்தை ஆகிய ஒவ்வொருவரிடமிருந்தும் நமக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் வருகின்றன. மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாகின்றன. புரதத்தைக் கட்டுவதற்கு எந்த அமினோ அமிலத்தைச் சேர்க்க வேண்டும் என்பதை அந்தச் சொல் குறிக்கிறது. இந்தச் சொற்களின் பொருளைக் கண்டறிந்ததற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் கல்வி கற்ற ஹர் கோவிந்த் கொரானா. புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் மனிதனிடம் சுமார் 20,000 உள்ளன.

வெட்டுதலும் ஒட்டுதலும்

படிக்கக் கற்ற மனிதன் விரைவில் திருத்தவும் கற்றுக்கொண்டான். பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸ்களின் டி.என்.ஏ.வைச் சில நொதிகளால் வெட்டி அழிக்கின்றன. அந்த நொதிகளையே கத்தரியாகக் கொண்டு ஓர் உயிரின் டி.என்.ஏ.வை வெட்டி எடுத்து, மற்றோர் உயிரின் டி.என்.ஏ.வோடு ஒட்டலாம். 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் இதைச் செய்து காட்டின.

இதன் முதல் பெரும் பயன் நீரிழிவு நோயாளிகளுக்குக் கிடைத்தது. அதுவரை அவர்களுக்கான இன்சுலின், பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. மனித இன்சுலினுக்குரிய மரபணு பாக்டீரியாவில் சேர்க்கப்பட்டு, 1978-இல் இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982-இல் அது மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று எண்ணற்றோர் நாள்தோறும் செலுத்திக்கொள்ளும் இன்சுலின் இவ்வாறு பிறந்ததுதான். இதைப் படைப்பின்மீது தொடுத்த போர் என்று யாரேனும் சொல்வார்களா?

இங்கே மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1974-இல் இத்துறையின் முன்னோடிகளே, ‘இதன் ஆபத்துகளை ஆராயும்வரை சில சோதனைகளை நிறுத்தி வைப்போம்’ என்று உலக விஞ்ஞானிகளை வேண்டிக்கொண்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவிலுள்ள அசிலோமாரில் கூடி, பாதுகாப்பு விதிகளை வகுத்துக்கொண்ட பிறகே தொடர்ந்தார்கள். ஒன்றைச் செய்ய முடியும் என்பதனாலேயே அதை உடனே செய்துவிட வேண்டும் என்பதில்லை. இந்த அடக்கமும் விஞ்ஞானத்தின் ஓர் அங்கமே.

2012-இல் ‘கிறிஸ்பர்’ என்ற புதிய முறை அறிவிக்கப்பட்டது. இதுவும் பாக்டீரியாக்களிடமிருந்து கற்றதே. 300 கோடி எழுத்துகளுக்கிடையே குறிப்பிட்ட இடத்தைத் தேடிச் சென்று வெட்டக்கூடிய கத்தரி இது. இதை உருவாக்கிய இம்மானுவேல் சார்பென்டியர், ஜெனிஃபர் டௌட்னா ஆகிய இருவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பிழையா, காவலா?

இனி ஒரு நோயைக் காண்போம். நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதற்குரிய மரபணுக்களில் ஒன்றில், அடினைன் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் வந்துவிடுகிறது. மாறியது ஒரே ஓர் எழுத்து. அதன் விளைவாகச் சிவப்பணுக்கள் வட்ட வடிவத்தை இழந்து அரிவாள்போல் வளைகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கின்றன. தாங்க முடியாத வலி வருகிறது, உறுப்புகள் பழுதடைகின்றன, பலருடைய ஆயுள் குறுகிவிடுகிறது. இதுவே அரிவாள் செல் சோகை.

நம் நாட்டில் இந்த மாற்றம் 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா ஆகிய மாநிலங்களின் பழங்குடி மக்களிடமும் இது மிகுதியாக உள்ளது. 2047-க்குள் இதை ஒழிக்கும் நோக்குடன் 2023 ஜூலையில் தேசிய இயக்கம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியது.

இப்படிப்பட்ட கொடிய பிழையை இயற்கை ஏன் இத்தனை தலைமுறைகளாக விட்டு வைத்தது? இதற்கான விடை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மாறிய எழுத்து தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்தக் கொடிய சோகை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், அந்தக் குழந்தை பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறது. அதோடு கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் பெறுகிறது. மலேரியா நிறைந்த காடுகளில் அந்த எழுத்து எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு வீட்டில் காவலாக நின்ற எழுத்தே அடுத்த வீட்டில் எமனாக வருகிறது. ஆகவே ஓர் எழுத்தை நல்லது என்றோ தீயது என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது.

இருவகைத் திருத்தம்

இந்நோய்க்குக் கிறிஸ்பர் முறையில் அமைந்த சிகிச்சை ஒன்றை 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. நோயாளியின் எலும்பு மஜ்ஜைக்குரிய மூல செல்களை வெளியே எடுத்துத் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். நாம் கருவிலிருக்கும்போது வேறு வகை ஹீமோகுளோபின் நமக்கு இருந்தது. பிறந்தபின் அது அடங்கிவிடுகிறது. அதைத் தூங்க வைத்த விசையை வெட்டி, மறுபடியும் எழுப்பிவிடுவதே இந்தச் சிகிச்சை. கடுமையான வலியால் பலமுறை மருத்துவமனைக்கு ஓடியவர்கள், அந்த வலியின்றி மாதக்கணக்கில் வாழத் தொடங்கியுள்ளனர்.

இதில் இரண்டு அம்சங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நோயாளி நம் எதிரில் இருக்கிறார். நன்மை தீமைகளை அவரிடம் விளக்கலாம். அவர் ‘சரி’ என்றும் சொல்லலாம், ‘வேண்டாம்’ என்றும் சொல்லலாம். இரண்டாவது, திருத்தம் அவருடைய இரத்தத்தோடு நின்றுவிடுகிறது; அவருடைய பிள்ளைகளுக்குச் செல்வதில்லை.

மற்றொரு வகைத் திருத்தம் உண்டு. 2018 நவம்பரில் ஹாங்காங்கில் நடந்த சர்வதேச மாநாட்டை ஒட்டி, ஹே ஜியான்குயி என்ற சீன விஞ்ஞானி ஒரு செய்தியை வெளியிட்டார். கருமுட்டை நிலையிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டார்கள் என்பதே அது. தந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது, குழந்தைகளுக்கு அத்தொற்று எந்நாளும் வராமல் இருக்கவே இதைச் செய்ததாக அவர் கூறினார். ஆனால் தந்தையிடமிருந்து தொற்று பரவாமல் தடுக்க எளிய வழிகள் ஏற்கெனவே இருந்தன. உலகமே கண்டித்தது; 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை அனுபவித்து அவர் வெளியே வந்துவிட்டார். ஆனால் அந்தச் சிறுமிகள் அத்திருத்தத்திலிருந்து ஒருநாளும் வெளியே வர முடியாது. அது அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் செல்லக்கூடும்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருக்கும் எனக்கு இவ்வேறுபாடு ஓர் உவமையின்மூலம் விளங்குகிறது. மூலநூலில் ஒரு சொல் பிழையென்று தோன்றினால், என் பிரதியில் அடிக்குறிப்பாக எழுதுகிறேன். நான் எண்ணியது தவறானால் அடுத்தவர் அதை நீக்கிவிடலாம். மூலம் அப்படியே இருக்கிறது. ஆனால் மூல ஓலையிலேயே சுரண்டி எழுதிவிட்டு, இனி அதிலிருந்தே எல்லாப் பிரதிகளும் எடுக்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டால்? என் பிழை எல்லோருடைய பிழையாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் எஞ்சாது. முதல் வகைத் திருத்தம் அடிக்குறிப்பு போன்றது. இரண்டாவது மூல ஓலையைச் சுரண்டுவது.

‘குழந்தையை எதில்தான் கேட்கிறோம்?’

இங்கே அந்த இளைஞர் குறுக்கிட்டார். ‘பெற்றோர் எதைத்தான் குழந்தையைக் கேட்டுச் செய்கிறார்கள்? பெயர், மொழி, பள்ளி, தடுப்பூசி எதற்கும் சம்மதம் பெறுவதில்லையே! நோயோடு பிறக்க விடுவதும் குழந்தையைக் கேட்காமல் எடுக்கும் முடிவுதானே?’

நியாயமான மறுப்பு. செயலற்றிருப்பதும் ஒரு செயலே. அதற்கும் நாம் பொறுப்பாளிகள். ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. பெற்றோர் தந்த பெயரையும் கல்வியையும் கருத்துகளையும் வளர்ந்த பிள்ளை ஆராயலாம், எதிர்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். தடுப்பூசி பேரனுக்குச் செல்வதில்லை. ஆனால் கருவில் எழுதப்பட்ட எழுத்தோடு பிள்ளையால் வாதிட முடியாது. மலேரியா உதாரணம் காட்டுவதுபோல், இன்று நாம் பிழை என்று நீக்குவது நாளைய உலகில் எதற்குக் காவலாக இருந்திருக்கும் என்பதும் நமக்குத் தெரியாது.

தவிர, அரிவாள் செல் சோகையைப் பொறுத்தவரை மென்மையான வழிகள் உள்ளன. திருமணத்துக்கு முன்பே எளிய இரத்தப் பரிசோதனை செய்து ஆலோசனை பெறலாம். பிறந்த குழந்தையை உடனே சோதித்து, தக்க மருந்துகளால் பாதுகாக்கலாம். இவற்றைச் செய்யாமல் கருவைத் திருத்தத் துணிவது, கிணற்றில் தண்ணீர் இருக்க ஆற்றையே திருப்பிவிட முனைவதாகும். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகள், வழிவழியாகச் செல்லும் மரபணுத் திருத்தத்தைத் தடைசெய்துள்ளதும் சிந்திக்கத்தக்கது.

இவற்றினும் ஆழமான ஓர் ஆபத்து உண்டு. நோயை நீக்குவதில் தொடங்கும் மனம் அங்கேயே நிற்குமா? உயரம், நிறம், அறிவு என்று அது பட்டியல் இடத் தொடங்கினால், குழந்தை வரமாக வரவேற்கப்படாமல் தயாரிப்புப் பொருளாக எதிர்பார்க்கப்படும். எழுத்து திருந்தாமல் பிறந்தவர்களை அந்தச் சமுதாயம் எந்தக் கண்ணால் பார்க்கும்? ஒரே டி.என்.ஏ.வோடு பிறக்கும் இரட்டையர்கள்கூட இரு வேறு மனிதர்களாகவே வளர்கிறார்கள். எழுத்துகள் உடலுக்குரியவை, மனிதனின் மதிப்பு அவற்றால் அளக்கப்படுவதன்று.

கருணையின் அடுத்த படி

அமெரிக்காவில் முன்னர் கூறிய சிகிச்சையின் விலை ஏறத்தாழ 22 லட்சம் டாலர். அரிவாள் செல் சோகையால் வாடுவோரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஏழைகளும் நம் காடுகளின் பழங்குடியினரும் ஆவர். அவர்களுடைய வேதனையை ஆராய்ந்து பெற்ற அறிவு அவர்கள் வாசலுக்கு வராமலே போனால், அது நிறைவுற்ற அறிவாகுமா? ‘திருத்தலாமா?’ என்ற கேள்வியோடு ‘யாருக்காக?’ என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும். குறைந்த செலவில் இத்தகைய சிகிச்சையை உருவாக்க நம் நாட்டு விஞ்ஞானிகள் முயன்று வருவது நம்பிக்கை தருகிறது.

அந்த இளைஞரிடம் நான் சொன்னது இதுதான்: ‘இருவர் சொல்வதும் உங்களுக்குத் தேவை. வலியால் துடிப்பவர் எதிரில் இருக்கும்போது பேராசிரியரின் சொல்லைக் கேளுங்கள்; அவருக்காக இரவும் பகலும் உழையுங்கள். அங்கே தயங்குவது பக்தி ஆகாது. ஆனால் உங்கள் கத்தரி, பதில் சொல்ல முடியாத ஒருவரை நோக்கித் திரும்பும்போது பாட்டியின் சொல்லை நினைவில் கொள்ளுங்கள். அவர் அஞ்சுவது அறிவைக் கண்டு அல்ல. அடக்கமற்ற அறிவைக் கண்டுதான்.’

அவர் சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு, ‘பாட்டியிடம் இந்த நோயைப் பற்றி நான் ஒருமுறைகூட விளக்கியதில்லை. இந்த விடுமுறையில் சொல்கிறேன்’ என்றார்.

நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்படும் முடிவுகள் நாளை நம் பேரக்குழந்தைகளின் உடலைத் தொடப்போகின்றன. அவற்றைப் புரிந்துகொள்வதும், புரிந்துகொண்டு நிதானமாகப் பேசுவதும் கற்றவர், கல்லாதவர் அனைவரின் கடமையாகும்.