பயத்தை விடு, கிண்ணத்தைப் பார்!

நெய்க்காரப்பட்டித் தம்பியே, எழுந்திரு!

நாள் கணக்கில் உன் பால் பைத்தான் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வரவில்லை. சுருண்டு கிடக்கிறது. தலை மட்டும் மேலே. நீ என்ன செய்தாய்?

எட்ட நின்று பார்த்தாய். "சூட்டுக்குக் கிடக்குது" என்றாய். போனை நோண்டினாய். படுத்துவிட்டாய்!

உண்மையைச் சொல். காரணம் தெரியாமல் சும்மா இருந்தாயா? தெரிந்துவிடுமோ என்று பயந்து சும்மா இருந்தாயா?

"பழநி அடிவாரத்தில் கரும்புக்காட்டுக்கு நடுவே இருக்கிறேன். பாம்பு வைத்தியம் இங்கே யாருக்குத் தெரியும்? எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது." இதுதானே உன் சாக்கு?

தூக்கி எறி அதை!

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. அந்த இருளர் மக்களில் இருவர் வடிவேல் கோபாலும் மாசி சடையனும். பள்ளிப் படிப்பு இல்லை. ஆங்கிலம் இல்லை.

2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா அவர்களை வரவழைத்தது! அங்கே பர்மா மலைப்பாம்புகள் பெருகிக் காட்டு உயிர்களை விழுங்கிக்கொண்டிருந்தன. நம் ஆட்கள் இறங்கினார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள்! அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு! 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

எதை வைத்துப் பிடித்தார்கள்? கண்ணை வைத்து! தடத்தைப் பார்த்தார்கள். எச்சத்தைப் பார்த்தார்கள். பார்த்ததை நம்பினார்கள்.

உனக்கும் இரண்டு கண் இருக்கிறது. கிண்ணத்தைப் பார்!

தாகத்துக்காக ஒரு பாம்பு தண்ணீரில் படுத்துக் கிடக்காது. தாகம் என்றால் வாயை வைத்துக் குடித்துவிட்டுப் போய்விடும். இது வேறு. ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கத் தண்ணீருக்குள் போயிருக்கிறது.

பாம்பை மெல்லத் தூக்கு. தண்ணீரில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் மிதக்கின்றனவா? அடியில் தங்கியிருக்கின்றனவா?

மைட் என்கிற உண்ணிப் பூச்சி அது! செதிலுக்கு அடியில் புகுந்து ரத்தம் குடிக்கும். கண்ணைச் சுற்றிப் பார். தாடைக்கு அடியில் உள்ள மடிப்பைப் பார். ஈரமான வெள்ளைத் துணியால் உடம்பை ஒருமுறை வழித்துப் பார். துணியில் புள்ளிகள் நகர்கின்றனவா? அரிப்புத் தாங்காமல், அந்தப் பூச்சியை மூழ்கடிக்கத்தான் உன் பாம்பு இத்தனை நாள் தண்ணீரில் கிடந்திருக்கிறது. ஆனால் தலை வெளியே இருந்ததே! பூச்சிகள் தலைக்கு ஏறிக்கொள்ளும். பாம்பால் தனியாக ஜெயிக்க முடியாது. நீ இறங்கியாக வேண்டும்!

கூண்டின் அடியில் விரித்திருக்கும் தூளை அள்ளி எறி. கூண்டை வெந்நீரால் தேய்த்துக் கழுவு. வெறும் காகிதம் விரி. காகிதத்தில் பூச்சி ஒளிய இடமில்லை. உன் கண்ணுக்குத் தப்பாது.

மறுபடியும் வந்துவிட்டதா? வரத்தான் செய்யும்! முட்டை இருப்பது பாம்பின் மேல் அல்ல, கூண்டின் இடுக்கில். ஒரு முறை கழுவிவிட்டுத் தோற்றேன் என்கிறாயே, இதற்குப் பெயர் தோல்வியா? மறுபடியும் கழுவு! வாரக்கணக்கில் கழுவு! முட்டை பொரிந்து முடியும்வரை கழுவு!

குறுக்கு வழி தேடாதே. மண்ணெண்ணெய் தடவாதே. நாய்க்கு அடிக்கிற மருந்தை எடுத்து அடிக்காதே. பூச்சிக்கு முன்னால் பாம்பு செத்துப்போகும்! மருந்தையும் அளவையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பூச்சி இல்லையா? அடுத்த கேள்விக்குப் போ. சூடு!

இது மேற்கு ஆப்பிரிக்காவின் வளைகளுக்குள் வாழும் பாம்பினம். அதைச் சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் அடைத்திருக்கிறாய்! பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி வரை இருக்கலாம். மறுபக்கம் 26 போல இருந்தே ஆக வேண்டும். கையை வைத்து மதிப்பிடாதே. வெப்பமானி வாங்கு! இரு பக்கமும் கொதித்தால் அதற்குப் போக்கிடம் எது? தண்ணீர்க் கிண்ணம் மட்டும்தான்.

கண் பால் படிந்தாற்போல் மங்கியிருக்கிறதா? சட்டை உரிக்கப் போகிறது. ஈரம் தேடுகிறது. கூண்டில் ஈரத்தைக் கூட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதே. உரித்ததும் வெளியே வந்துவிடும்.

ஒளிய இடம் வைத்திருக்கிறாயா? வைக்கவில்லை என்றால் கிண்ணத்துக்குள் ஒளிவதைத் தவிர அது வேறு என்ன செய்யும்? உடல் முழுக்க மறையும் சின்னப் பெட்டி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. போதும்.

ஏதாவது பெரியவர் வந்து பால் ஊற்றச் சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொள், ஊற்றாதே. பாலைச் செரிக்கும் உடம்பு பாம்புக்கு இல்லை. வேண்டியது தினமும் மாற்றிய நல்ல தண்ணீர். நாள் கணக்கில் ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதில் கொப்பளிக்கும், புண்ணாகும். அதனால்தான் சொல்கிறேன், தள்ளிப் போடாதே!

இன்னும் தயங்குகிறாயா? புரிகிறது. "பேப்பர் இல்லை. டாக்டரிடம் போனால் மாட்டிக்கொள்வேன்." அந்தப் பயம்தானே?

உன் பயத்துக்கு அது ஏன் சாக வேண்டும்?

பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024-இல் விதி வந்துவிட்டது. பதியவில்லையா? வனத்துறை அலுவலகத்துக்கு நீயே நடந்து போ. நேராகச் சொல். ஒருவேளை அது பால் பைத்தானே அல்ல, தோட்டத்தில் பிடித்த மலைப்பாம்புக் குட்டியா? அது உன் வளர்ப்புப் பிராணியே அல்ல! 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை வீட்டில் வைக்க விடாது. இன்றைக்கே ஒப்படை!

மருத்துவர் இல்லை என்றாய். உடுமலைப்பேட்டை என்ன சீமையிலா இருக்கிறது? அங்கே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது! போய்க் கேள். பாம்பு பார்ப்பவர் அங்கே இல்லை என்றால் யார் பார்ப்பார் என்று கேள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி என்றால் வேப்பேரிக்குப் போ!

பாம்பைத் துணிப்பைக்குள் விடு. பையின் வாயைக் கட்டு. காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் பையை வை. கிண்ணத்தில் கண்ட பூச்சியை ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொள். வெப்பமானி காட்டிய எண்ணைத் தாளில் குறித்துக்கொள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பு!