தொழிலை இறக்கி வைக்கும் நாள்



ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குப் பதினொரு நிலைகளை வகுத்துள்ளார். அவற்றுள் எட்டாவது ஆரம்பத் தியாகம். உயிர்த்தீங்குக்கு இடமாகும் ஊழியம், உழவு, வாணிகம் முதலிய தொழில்களை விட்டொழிதல் என்பது அதன் பொருள். இந்நிலையில் நிற்பவர் முன்பு ஈட்டிய பொருளைக் கொண்டே வாழ்கின்றார். அப்பொருளையும் துறப்பது அடுத்த நிலை. ஆகவே, எட்டாம் நிலையை விழைபவர் முன்னரே சிறிது பொருள் சேர்த்திருத்தல் வேண்டும் அன்றோ? கைப்பொருள் இல்லாதவர் உடல் தளர்ந்த பின்னும் தொழிலை இறக்கி வைக்க இயலாது; அன்றேல் மக்கள் கையை எதிர்நோக்க வேண்டும்.

தென்பாண்டி நாட்டில் இதனைக் கண்கூடாகக் காணலாம். நம் முன்னோரின் திருக்காட்டாம்பள்ளி விளங்கிய குரண்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத்துச் சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் பலர் செய்த எண்ணிக்கைக்கே கூலி பெறுகின்றனர். மழை பெய்தால் உலர்த்த வெயில் இல்லை, வேலையும் இல்லை. கை ஓய்ந்தால் கூலியும் ஓயும்.

அப்பகுதியே நமக்கு வழியும் காட்டியுள்ளது. அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் 1889 இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை, வணிகரின் மகமையோடு இல்லந்தோறும் அளித்த பிடியரிசியாலும் வளர்ந்தது. பெருந்தலைவர் காமராசர் பயின்ற பள்ளி அது. பிடியரிசி என்பது உலையிடுமுன் எடுத்து வைப்பது. உண்டு மிஞ்சியது அன்று. சேமிப்பின் நுட்பம் முழுதும் இதில் அடங்கும்.

எடுத்து வைத்த பிடி சுருங்காமல் காப்பது போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதம். ஒருமுறை துய்த்தொழியும் உணவு முதலியன போகம். பலமுறை துய்க்கும் ஆடை, இல்லம் முதலியன உபபோகம். இரண்டிற்கும் வரையறை செய்துகொண்டவர் வருவாய் உயர்ந்தபோதும் செலவை உயர்த்தார். அண்டை வீட்டுத் திருமணத்தைப் பார்த்துக் கடன்படார்.

காலமும் ஒரு செல்வமே. மத்திய அரசு 2015 இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெறுவதற்கு, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் செலுத்துகிறார்; 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாய் செலுத்துகிறார். முன்னவர் 42 ஆண்டுகளில் செலுத்துவது 1,05,840 ரூபாய். பின்னவர் 20 ஆண்டுகளில் செலுத்துவது 3,48,960 ரூபாய். ஓய்வூதியமோ இருவர்க்கும் ஒன்றே. வருமான வரி செலுத்துவோரும் 40 வயதைக் கடந்தோரும் இதில் புதிதாகச் சேர இயலாது. அவர்க்குப் பொது வருங்கால வைப்பு நிதி முதலிய வழிகள் உள.

சேமிப்பு பரிக்கிரகம் ஆகாதோ என வினவலாம். அளவின்றிக் குவிப்பதே பற்று. இவ்வளவு போதும் என வரைந்து, மிகுவதை ஆகார, அபய, ஔடத, சாத்திர தானங்களுக்கு ஆக்குவது விரதம்.

வர்த்தமானர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளையொட்டி நம்மில் பலர்க்குப் போனஸ் வருகிறது. அதில் முதற்பிடியை அன்றே எடுத்து வைப்போமாக. முதுமையில் பிறர் முகம் நோக்காது, சாமாயிகத்திலும் நூல் ஓதுதலிலும் நாள் கழிக்கும் உரிமையை அப்பிடியே ஈட்டித் தரும்.

அறம் வளர்க!