அழையா விருந்தினர்

வந்தவர்களைப் பற்றி எழுதுவது எளிது. வராமற் போனவர்களைப் பற்றி எழுதுவதுதான் கடினம். அதிலும், 'எப்போது தொலைவார்கள்?' என்று நாம் முணுமுணுத்துக்கொண்டிருந்த விருந்தாளிகள் உண்மையாகவே தொலைந்துவிட்டால், அவர்கள் இல்லாததைக் கவனிக்கவே தனியாக ஒரு மனம் வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளாகக் கோடைக்காலம் வந்தால் எனக்கு அந்த மனம் வந்துவிடுகிறது. சித்திரையில் எங்கள் தெரு வேப்பமரம் வழக்கம்போல் பூக்கிறது. பொரி தூவினாற்போல் மரத்தடியெல்லாம் பூ உதிர்கிறது. ஆனால் அந்தக் கிளைகளுக்குள்ளிருந்து முன்பு கேட்ட ரீங்காரம் மெலிந்துவிட்டது. மாலையில் கூடத்து விளக்கைச் சுற்றி விட்டில்கள் மொய்ப்பதில்லை. கோடை மழை பெய்து ஓய்ந்த இரவில் ஈசல் படையெடுக்குமே என்று ஜன்னல்களைச் சாத்தி வைக்கிறோம். பத்தோ இருபதோ வந்து, சம்பிரதாயத்துக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போகின்றன. எங்கள் சிறு வயதில் ஈசல் வந்த இரவுக்கு மறுநாள் காலை, இறகுகளை முறத்தில் அள்ளிக் கொட்டுவார்கள். விளக்கடியில் தண்ணீர் வைத்து ஈசல் பிடித்து, வறுத்துப் பொரியோடு கலந்து தின்ற வீடுகளும் உண்டு.

பக்கத்து வீட்டு அம்மாள் மாடியில் தோட்டம் போட்டிருக்கிறார். பூசணி கொடியெல்லாம் பூக்கிறது. பிஞ்சுகள் மட்டும் வெம்பி விழுந்துவிடுகின்றன. இப்போதெல்லாம் விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் களைந்துவிட்டு, பெண் பூவின் நடுவில் அதைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"தேனீ செய்ய வேண்டிய வேலை சார். அது வரவில்லை, நான் செய்கிறேன்" என்றார்.

கல்யாணத் தரகு மாதிரி வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் வந்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

இது வயதானவர்களுக்கு வரும் மயக்கமாக இருக்கலாம் அல்லவா? 'அந்தக் காலத்தில் மாம்பழம் இனித்தது, நெய் மணத்தது' என்கிற பல்லவியில் இதுவும் ஓர் அடியோ என்று நானும் சந்தேகப்பட்டதுண்டு. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தராசு வேண்டும். ஜெர்மனியில் ரைன் நதிக்கு அருகே கிரேஃபெல்ட் என்ற ஊரில், பூச்சிகளிடம் பிரியம் கொண்ட சிலர் அந்தத் தராசைப் பிடித்தார்கள். பெரும்பாலோர் அதைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர், ஆர்வத்தால் செய்தவர்கள். கூடாரம் போன்ற வலைகளைக் கட்டி, அகப்பட்ட பூச்சிகளைச் சாராயத்தில் போட்டு, எடை பார்த்துக் குறித்து வைத்தார்கள். 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகளாகச் சேர்ந்த அந்தக் கணக்கு 2017-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அவை தொழிற்சாலை வாசல்கள் அல்ல; இயற்கைக்கென்று ஒதுக்கி வைத்த இடங்கள்!

எல்லா இடத்திலும் ஒரே கதை என்று சொல்லிவிடக் கூடாது. பல நாடுகளின் 166 நீண்டகாலக் கணக்கெடுப்புகளை ஒன்றாகச் சேர்த்து 2020-இல் ஆராய்ந்தார்கள். நிலத்தில் வாழும் பூச்சிகள் பத்தாண்டுக்குச் சுமார் 9 சதவீதம் குறைந்துவருவதாகவும், நன்னீரில் வாழ்பவை கூடிவருவதாகவும் அதில் தெரிந்தது. எங்கள் வீட்டிலும் கொசுவுக்குக் குறைவில்லை. நம் சாக்கடையை நம்பியவை பிழைத்துக்கொண்டன.

மற்றவை எப்படிப் போயின? மின்மினியை எடுத்துக்கொள்வோம். அதன் புழு ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. வளர்ந்தபின் ஆண் மினுக்கிக் கேட்கும். பெண் மினுக்கிப் பதில் சொல்லும். இருட்டில்தான் அந்தக் காதல் கடிதம் போய்ச் சேரும். எங்கள் தெருவில் யாரும் மின்மினியைக் கொல்லவில்லை. பெண்கள் இரவில் பயமின்றி வரவேண்டும் என்று நகராட்சி விளக்குப் போட்டது. வயதான தாயார் சேற்றில் வழுக்கி விழாமல் இருக்கவேண்டும் என்று ஒருவர் கொல்லைப்புறத்தைச் சிமெண்டு பூசினார். ஊருக்கு வெளியே, கடன் வாங்கிப் பயிர் வைத்தவர் மருந்து அடித்தார். ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அத்தனை நல்ல காரணங்களையும் கூட்டிப் பார்த்தால் கடைசியில் ஒரு வெறுமை மிஞ்சுகிறது.

என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி இதுதான்: கொன்ற கை ஒன்றும் இல்லாதபோது அந்தச் சாவு யாருடைய கணக்கில் சேரும்?

கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த திருக்குறளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். எறும்பை மிதிக்காமல் தாண்டிப் போகிற நல்லவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் எறும்பை மிதிக்காத அதே மனிதர் வாசலில் அரிசி மாவுக்குப் பதில் கல்மாவால் கோலம் போட்டால், எறும்புக்கு ஒரு வேளைச் சாப்பாடு போயிற்று. அவர் கை சுத்தம், வாசல்தான் கஞ்சத்தனமாகிவிட்டது. சமணர்கள் இந்த நுட்பத்தை முன்பே கண்டுகொண்டவர்கள். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்று அவர்கள் விதித்துக்கொண்டதன் ஒரு காரணம், இருட்டில் சிற்றுயிர்கள் உணவிலும் விளக்கிலும் விழுந்து மடியக் கூடாது என்பது. கை செய்வதை மட்டும் பார்த்து அவர்கள் நிற்கவில்லை. ஏற்றி வைத்த விளக்கு என்ன செய்கிறது என்றும் கேட்டார்கள். நாம் விளக்கைப் பெருக்கிக்கொண்டோம், கேள்வியை விட்டுவிட்டோம்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பூச்சி குறைந்தால் நிம்மதிதானே ஐயா! அதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று?" என்றார். அவருக்குப் பதில் சொல்வது சிரமமில்லை. சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. கத்தரிப் பூவில் வண்டு தொங்கி அதிரவைத்தால் மகரந்தம் நன்றாக உதிர்ந்து காய் பிடிக்கிறது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, ஓரளவேனும் இத்தகைய உயிர்களின் உதவியால் விளைகின்றன. இவ்வளவும் உண்மை. ஆனாலும் இந்தப் பதிலில் எனக்கு முழு திருப்தி இல்லை. வேலை செய்கிறவனுக்குத்தான் வீட்டில் இடம் என்றால், படுத்துவிட்ட பாட்டனாருக்கு என்ன பதில் சொல்வது?

இப்படிச் சொல்வதால் கொசுவுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். காய்ச்சலில் துவளும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் போய் ஜீவகாருண்யம் பேசுகிறவன் மனிதனே அல்லன். இலங்கையில் வீடு வீடாக மருந்து தெளித்ததன் பயனாக 1963-இல் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான் என்று பதிவாயிற்று. அந்த மருந்து தெளித்த கைகளுக்கு என் நமஸ்காரம். எதிரி இன்னான் என்று தெரிந்து, குழந்தைக்காக நடத்தும் போர் அது. விட்டிலும் ஈசலும் மின்மினியும் எந்தப் போரிலும் சாகவில்லை. நம் யோசனையில் அவை இல்லாததால் போயின. போருக்காவது முடிவு உண்டு. யோசனையின்மைக்கு அது கிடையாது.

அதைவிட அபாயம் மறதி. டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-இல் இதைச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்தபோது கடலில் இருந்த மீனையே சரியான அளவென்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் போனது கணக்கிலேயே வருவதில்லை என்று. நம் பேரக் குழந்தைகளுக்கு ரீங்காரம் இல்லாத வேப்பமரம்தான் வேப்பமரம். அவர்கள் எதையும் இழந்ததாக உணரமாட்டார்கள். ஆகவே, முறத்தில் இறகு அள்ளிய கதையை அவர்களுக்குச் சொல்லிவைப்பது பழம்பெருமை பேசுவது ஆகாது. சொத்து எவ்வளவு இருந்தது என்று வாரிசுகளிடம் ஒளிக்காமல் சொல்வது போன்ற கடமை அது.

தேனீயிடம் இரக்கப்படுவது சுலபம். அது தேன் தருகிறது. வண்ணத்துப்பூச்சியிடம் இரக்கப்படுவது அதைவிடச் சுலபம், அது அழகாயிருக்கிறது. அழகானதையும் உதவுவதையும் மட்டும் காப்பாற்றுவதற்கு அருள் எதற்கு? ரசனையும் கணக்கும் போதுமே. நமக்குப் பிடிக்காத, நம்மிடம் ஒன்றும் கேட்காத உயிருக்கு இடம் விடும்போதுதான் அருளுக்கு வேலை வருகிறது.

வீடு கட்டுகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் விடுகிறார்கள். வாஸ்து பார்த்து மூலைகளை விடுகிறார்கள். கொல்லையில் நான்கு முழம் மண்ணையும் பூசாமல் விடலாம். உதிர்ந்த சருகை அங்கே கிடக்கவிடலாம். எல்லோரும் படுத்தபிறகு அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிடலாம். அங்கே என்ன வந்து குடியேறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வருவது நமக்குப் பிடித்ததாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. அது தெரிந்தே விடவேண்டும்.